சாம்பல் இழுத்த கல்லும் செவிட்டு முத்தும்

முத்தை நசுக்கினால் தூள் வரும். முத்துக்காரர் பக்கத்தில் நின்றால் ஏச்சும் வரும். மின்சாரம் மட்டும் வராது.

இதில் முத்தின் தப்பு ஒன்றுமில்லை. அரகோனைட் என்ற சுண்ணாம்புப் படிகத்தால் கட்டப்பட்ட பொருள் அது. அந்தப் படிகத்தில் அணுக்கள் நடுவிலிருந்து இந்தப் பக்கம் எப்படி அடுக்கியிருக்கின்றனவோ அப்படியே எதிர்ப்பக்கமும் அடுக்கியிருக்கும். அமத்தினால் நேர் மின்னும் எதிர் மின்னும் சரிக்குச் சரி நகர்ந்து கணக்கைத் தீர்த்துக்கொண்டு போய்விடும். வெளியே ஒன்றும் தலைகாட்டாது. கடலுக்குள் போகும் ஒலியை மின்சாரமாக மாற்றி மேலே அனுப்ப ஒரு படிகம் வேண்டுமென்று நேர்முகத் தேர்வு வைத்தால், வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டிய ஆள் முத்துதான்.

இந்தச் செவிட்டு உருண்டைக்காகத்தான் மன்னாரில் இத்தனை கூத்தும் நடந்தது. 1560இல் போர்த்துக்கேயர் வந்து கோட்டை கட்டினார்கள். 1658இல் ஒல்லாந்தர் வந்து அந்தக் கோட்டையைப் பிடுங்கினார்கள். 1795இல் இங்கிலீசுக்காரர் வந்து ஒல்லாந்தரிடமிருந்து பிடுங்கினார்கள். மூன்று பேரும் கரையில் நின்று தெற்கே அரிப்புப் பக்கத்து முத்துச் சிப்பிப் பார்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று பேருக்கும் கண் மட்டும்தான் வேலை செய்தது. கடலுக்குக் காது கொடுக்கும் கல் இதே இலங்கையின் ஆற்று மணலில் கூழாங்கல்லோடு கூழாங்கல்லாகக் கிடந்தது. அது கப்பலேறிப் போனதை ஒருவரும் கணக்கில் எழுதவில்லை.

அந்தக் கல்லின் பெயர் தோரமல்லி. மாணிக்கமும் நீலமும் தேடி ஆற்றுப் படுகையை அரித்தவர்கள், தேறாத கலவைக் கல்லையெல்லாம் இந்தப் பெயரில் ஒதுக்கிவைத்தார்கள். 1703இல் ஒல்லாந்தர் அதில் கொஞ்சத்தை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். ஒதுக்கிய கல்லை அள்ளிக்கொண்டு போகிற வெள்ளைக்காரனைப் பார்த்து நம்மவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

ஐரோப்பாவில் அந்தக் கல்லுக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் கூட்டுகிற வேலை. சூடான தணலுக்குப் பக்கத்தில் வைத்தால் சாம்பல் ஓடிவந்து அதில் ஒட்டிக்கொள்ளும். கொஞ்ச நேரம் போனால் அதே சாம்பலை உதறித் தள்ளும். ஒல்லாந்தர் அதற்குச் 'சாம்பல் இழுப்பான்' என்று பெயர் வைத்து, சுங்கானுக்குள் கிடக்கும் சாம்பலை எடுக்கப் பயன்படுத்தினார்கள் என்று சொல்வார்கள். பின்னாளில் உணரிக் கருவியாகப் போகும் கல் சுங்கான் துடைக்கும் வேலையில் சேர்ந்தது. இன்றைக்குப் பட்டம் முடித்த பிள்ளைகள் பார்க்கும் முதல் வேலைகளை நினைத்துக்கொண்டால் அந்தக் கல்லின் மீது பரிதாபம் வராது.

இந்தச் செய்தி அச்சேறிய விதமும் ஒரு கூத்து. யோகான் கெயோர்க் ஷ்மித் என்ற ஜெர்மன்காரர் 1707இல் ஒரு புத்தகம் போட்டார். தூக்கம் வராத இரவுகளில் எழுந்த விசித்திர யோசனைகள் என்ற பொருளில் அதற்குத் தலைப்பு. டவுமியுஸ் என்ற படை மருத்துவர் தனக்குச் சொன்னதாக, இலங்கையிலிருந்து வந்த கல் சாம்பலை இழுக்கிற கதையை அதில் எழுதினார். ஆகவே, அமத்தினால் மின்சாரம் தரும் கற்களைப் பற்றிய அழுத்தமின் அறிவியலின் முதல் ஆவணம், தூக்கம் வராத ஒருவர் இன்னொருவர் சொல்லக் கேட்டு எழுதியது. ஊர்க்கதையின் இலக்கணம் அத்தனையும் அதற்குப் பொருந்தும்.

பிறகு பெரிய மனிதர்கள் வந்தார்கள். 1717இல் லெமரி என்பவர் பாரிஸ் அறிவியல் கழகத்தில், இலங்கையின் ஓர் ஆற்றில் கிடைத்த கல் என்று சொல்லி இதைக் காட்டினார். இது ஒரு சின்னக் காந்தம் என்று கழகத்தார் எண்ணிக்கொண்டார்கள். 1747இல் லின்னேயஸ், இலங்கைச் செடிகொடிகளைப் பற்றிய தன் புத்தகத்தில் இதற்கு மின்கல் என்று பெயர் வைத்தார். அந்த மனுஷன் இலங்கைக்கும் வந்ததில்லை, அந்தக் கல்லையும் கண்டதில்லை. லெமரி எழுதியதைப் படித்துவிட்டுச் சூட்டிய பெயர். கொடுமை என்னவென்றால் பெயர் சரியாக அமைந்துவிட்டது. 1756இல் பெர்லினில் ஏப்பினஸ் என்பவர் நிதானமாக உட்கார்ந்து சோதித்தார். சூடாக்கினால் கல்லின் ஒரு முனையில் நேர் மின்னும் மறுமுனையில் எதிர் மின்னும் சேர்கின்றன என்று கண்டார். மூன்று வருஷம் கழித்து பெஞ்சமின் பிராங்க்ளினும் தனக்கு ஹெபர்டன் என்ற லண்டன் வைத்தியர் கொடுத்த தோரமல்லியைக் கொதிநீரில் போட்டுப் பார்த்தார். இடி மின்னலுக்குப் பட்டம் விட்டதாகப் பெயர் வாங்கிய மனிதர் கடைசியில் ஒரு சட்டிச் சுடுநீருக்குள் குனிந்து நின்றார்.

கவனிக்க வேண்டிய விஷயம் இது. அரை நூற்றாண்டுக்கு மேலாக ஐரோப்பாவின் மூளைகளெல்லாம் இந்தக் கல்லைச் சுட்டன, அவித்தன, ஆறவைத்தன. கையிலெடுத்து ஒரு அமத்து அமத்திப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

மன்னார்ப் பக்கத்தில் அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். முதல் இங்கிலீசு ஆளுநர் பிரெடெரிக் நோர்த், முத்துக் குளிப்பை மேற்பார்வை செய்வதற்கென்று அரிப்புக் கடற்கரையில் கிரேக்கக் கோயில் சாயலில் ஒரு மாளிகை கட்டினார். 1804இல் முடிந்த அந்தக் கட்டடத்தின் மிச்சம் இப்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கடலில் விழுந்துகொண்டிருக்கிறது. குளிப்புக் காலத்தில் அந்த மணல்வெளியில் ஒரு நகரமே முளைக்கும். தண்டல் படகை நடத்த, முண்டக்கு கயிற்றைப் பிடிக்க, குளியாட்கள் கல்லைக் காலில் கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அடிக்குப் போய்ச் சிப்பி அள்ளி வருவார்கள். அள்ளியதில் பெரும்பங்கு அரசாங்கத்துக்கு. மூச்சுப் பிடித்தவனுக்கு ஒரு பங்கு.

கடலுக்கடியில் என்ன இருக்கிறது என்று அறியும் கருவி அப்போது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அவர் கடல் கட்டி. கரையில் நின்று மந்திரம் ஓதிச் சுறாவின் வாயைக் கட்டுவது அவர் தொழில். அவர் ஓதாவிட்டால் குளியாட்கள் தண்ணீரில் இறங்க மாட்டார்கள். ஆகவே வெள்ளைக்கார அரசாங்கமே அவருக்குச் சம்பளம் கொடுத்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனண்ட், அன்றைய கடல் கட்டி ஒரு கத்தோலிக்கர் என்றும், அதனால் மந்திரத்தின் வீரியம் குறைந்ததாக யாரும் நினைக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறார். மன்னாரைத் தெரிந்தவருக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை.

டெனண்டைக் கொஞ்சம் மதிக்கலாம். மட்டக்களப்பு வாவியில் பாடுமீன் பாடுகிறது என்று கேள்விப்பட்டு 1848இல் இரவில் தோணியேறிப் போனார். தண்ணீரிலிருந்து மெல்லிய இசை எழுந்தது. தோணிப் பலகையில் காதை வைத்தார். சத்தம் பெரிதாகக் கேட்டது. பாடுவது ஊரி என்ற ஓட்டுப் பிராணி என்று உள்ளூரார் சொன்னதை அவரும் கிட்டத்தட்ட ஏற்றுக்கொண்டார். யார் பாடினார் என்ற வழக்கு இருக்கட்டும். நீருக்குள் இருக்கும் அதிர்வை ஒரு திடப்பொருள் வாங்கிக் காதுக்குக் கொண்டுவந்த முறை சரியான முறை. பலகை வாங்கிய அதிர்வை மின்சாரமாக மாற்றும் ஒரு துண்டு மட்டும்தான் குறை. அந்தத் துண்டு டெனண்டின் சொந்த நிர்வாகத்துக்கு உட்பட்ட ஆறுகளில் உருண்டுகொண்டிருந்தது.

கடைசியில் 1880இல் பாரிஸில் இரண்டு பொடியன்கள் அதைச் செய்தார்கள். மூத்தவர் ஜாக் கியூரி, இளையவர் பியர் கியூரி. இளையவருக்கு வயது 21. மேரி கியூரி இன்னும் கதைக்குள் வரவில்லை. அந்த அண்ணன் தம்பி பேச்சு மன்னாரில் நடந்திருந்தால் இப்படி இருந்திருக்கும்:

"அண்ணை, இந்தக் கல்லைச் சூடாக்கினால் மின்சாரம் வருது எண்டு எல்லாரும் சொல்லீனம். சூடாக்கினால் கல்லு விரியும்தானே?"

"விரியும். அதுக்கென்ன?"

"அப்ப, சூடு காட்டாமல் சும்மா அமத்தினால்?"

"நூற்றெழுபது வருஷமாக் கிடக்கிற கல்லு. ஒருத்தரும் அமத்தேல்லையோ?"

"ஒருத்தரும் அமத்தேல்லை அண்ணை."

"அமத்தடா, பாப்பம்."

நகைத் தொழிலாளியின் சின்ன வாளால் படிகத்தைச் சரியான திசையில் அறுத்து, இரு பக்கமும் வெள்ளீயத் தாளை ஒட்டி, கம்பி கொடுத்து அமத்தினார்கள். மின்னேற்றம் வந்தது. எவ்வளவு பாரம் ஏற்றினார்களோ அந்த அளவுக்கு வந்தது. பாரத்தை எடுத்தபோது எதிர்த்திசையில் வந்தது. தோரமல்லி, குவார்ட்ஸ், புஷ்பராகம் என்று வரிசையாகச் சோதித்தார்கள். கரும்புச் சீனிப் படிகத்தையும் விடவில்லை. அதுவும் மின் கொடுத்தது. அதாவது தேத்தண்ணிக்குப் போடுகிற சீனிக்கு இருக்கும் காது, கிளியோபாட்ரா தொட்டு மகாராணிகளெல்லாம் கழுத்தில் தொங்கவிட்ட முத்துக்கு இல்லை. அடுத்த வருஷம் லிப்மன் என்பவர் தாளில் கணக்குப் போட்டு, அமத்தினால் மின்சாரம் வருமென்றால் மின்சாரம் கொடுத்தால் கல் சுருங்கி விரியவும் வேண்டும் என்றார். சகோதரர்கள் அதையும் அளந்து காட்டினார்கள். காதாக இருந்த கல் வாயாகவும் ஆயிற்று. ஒரே துண்டு, கத்தவும் செய்யும், கேட்கவும் செய்யும்.

அதற்குப் பிறகு ஏறக்குறைய 35 வருஷம் இந்தக் கண்டுபிடிப்பு ஆய்வுகூட அலமாரியிலேயே தூங்கியது.

அந்த இடைவெளியில் இலங்கை அரசாங்கம் முத்துச் சிப்பி ஏன் வருகிறது, ஏன் காணாமல் போகிறது என்று அறிய லிவர்பூலிலிருந்து பேராசிரியர் ஹெர்ட்மனை 1902இல் அழைத்தது. அவர் பார்களை எல்லாம் ஆராய்ந்து, ஐந்து தொகுதிகளில் அறிக்கை எழுதினார். நல்ல முத்துக்குக் கரு ஒரு நாடாப்புழுவின் குஞ்சு என்பது அவருடைய முடிவு. புழு சிப்பிக்குள் போய்ச் செத்துவிடும், சிப்பி அதற்கு மேல் கல்லறை கட்டும், அந்தக் கல்லறையை மணமகளுக்குப் போடுவார்கள். இந்தக் கொள்கை பின்னர் நிற்கவில்லை. ஆனாலும் இங்கிலீசுச் சீமாட்டிகளின் முகம் அந்தச் செய்தியைப் படித்தபோது எப்படி மாறியிருக்கும் என்று எண்ணிப் பார்ப்பதற்காகவாவது அது நின்றிருக்கலாம். 1905இல் மறிச்சுக்கட்டிக் குளிப்பில் 8 கோடிச் சிப்பி வந்தது. அதைப் பார்த்து வாயூறிய லண்டன் கம்பெனி ஒன்று 1906இல் பார்களை இருபது வருஷக் குத்தகைக்கு எடுத்தது. அடுத்த வருஷத்தோடு சிப்பி மறைந்தது. கம்பெனியும் சில வருஷத்தில் மறைந்தது. அறிவியலைக் கேட்டுக் கடலில் காசு போட்டவர்களுக்கும் மந்திரத்தைக் கேட்டுக் கடலில் குதித்தவர்களுக்கும் இடையில் எவர் கெட்டிக்காரர் என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை. கடல் கட்டிக்குச் சம்பளமாவது ஒழுங்காகக் கிடைத்தது.

1912இல் டைட்டானிக் பனிமலையில் மோதியது. 1914இல் போர் வந்தது. ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களை மீன் கொத்துவதுபோலக் கொத்தின. தண்ணீருக்குள் வெளிச்சம் தூரம் போகாது, ரேடியோ அலை போகவே போகாது, ஒலி மட்டும்தான் போகும் என்ற பழைய உண்மை அட்மிரல்களுக்கு அப்போதுதான் உறைத்தது. பிரான்சில் பியர் கியூரியின் மாணவர் போல் லாஞ்ஜவேன் இந்த வேலைக்கு அமர்த்தப்பட்டார். குருவின் அலமாரியில் என்ன கிடக்கிறது என்று மாணவருக்குத் தெரியும். 1917இல் குவார்ட்ஸை வெளியே எடுத்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். வடிவமைப்பு என்றால் என்ன என்பதை லாஞ்ஜவேன் காட்டிய இடம் இது. ஒவ்வொரு தட்டுக்கும் அதன் தடிப்புக்கு ஏற்ற ஓர் இயற்கை அதிர்வெண் உண்டு. அந்த அதிர்வெண்ணில் மின்சாரம் கொடுத்தால்தான் அது பலமாக ஆடும். விநாடிக்கு 40,000 அதிர்வு போல வேண்டுமென்றால் குவார்ட்ஸ் தட்டு ஏழு சென்ரிமீற்றர் தடிப்பாக இருக்க வேண்டும். அந்த அளவுக்குப் பழுதில்லாத குவார்ட்ஸை எங்கே போய் வாங்குவது? வாங்கினாலும் அதன் இரு முகத்துக்கும் எத்தனை ஆயிரம் வோல்ட் கொடுப்பது? லாஞ்ஜவேன் செய்த தந்திரம் இது. சில மில்லிமீற்றர் தடிப்புள்ள குவார்ட்ஸ் துண்டுகளைத் தரை ஓடு பதிக்கிற மாதிரி ஒரு தளமாக அடுக்கினார். மேலும் கீழும் மூன்று சென்ரிமீற்றர் உருக்குத் தட்டு வைத்து ஒட்டினார். ஆடுவது முழுக் கட்டும். ஆட்டி வைப்பது நடுவிலிருக்கும் மெல்லிய கல். ஒட்டுப் பசையில் ஒரு காற்றுக்குமிழி இருந்தாலும் காரியம் கெட்டது. ஒலி அந்த இடத்தில் திரும்பிவிடும். இன்றைக்கும் கப்பலுக்கடியில் இருக்கும் பெரிய ஒலிபரப்பிகளும், பல்லுக் கழுவும் வைத்தியரின் கருவியும் இந்தக் கட்டைத்தான் அவர் பெயர் சொல்லிப் பயன்படுத்துகின்றன.

சோதனையும் சும்மா நடக்கவில்லை. தொட்டிக்குள் கருவியை முடுக்கியபோது ஒலிக்கற்றையின் வழியில் நீந்திய மீன்கள் செத்தன. தண்ணீருக்குள் கையை வைத்தால் எலும்பு வரைக்கும் வலித்தது. எந்த நிபுணர் குழுவும் தேவைப்படவில்லை. மீன் மல்லாந்தால் கருவி வேலை செய்கிறது. 1918இல் ஒரு நீர்மூழ்கியின் எதிரொலியையும் பிடித்தார். எல்லாம் தயாராகிக் கப்பலில் பூட்டப் போகிற நேரத்தில் போர் முடிந்துவிட்டது.

இங்கிலீசுக்காரர் அதே நுட்பத்தை எடுத்து அடுத்த போருக்குள் தம் போர்க்கப்பல்கள் பலவற்றில் பூட்டிவைத்தார்கள். தண்ணீருக்குக் கீழே வருகிறவனை அது நன்றாகவே காட்டியது. 1942 ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை ஜப்பானியர் மேலேயிருந்து வந்து மூழ்கடித்தார்கள். அன்று அந்த விமானந்தாங்கியில் விமானம் இல்லை.

இந்தப் போர்க் காலத்தில் ஒரு போட்டியாளரும் களத்தில் இருந்தார்: ரொஷெல் உப்பு. 17ஆம் நூற்றாண்டில் பிரான்சின் லா ரொஷெல் நகரத்து மருந்துக்காரர் செனியெத் பேதிக்குக் கொடுக்கச் செய்த மருந்து அது. குவார்ட்ஸைவிடப் பல மடங்கு உணர்ச்சியுள்ள படிகம். இசைத்தட்டு ஊசியிலும் ஒலிவாங்கியிலும் அதுதான் இருந்தது. நீருக்கடியில் கேட்கும் கருவிகளிலும் போட்டார்கள். அதற்கு இரண்டே இரண்டு குறை. தண்ணீரில் கரையும், வெக்கை தாங்காது. 24 பாகைக்கு மேல் போனால் அதன் விசேஷ குணம் தளரும், 55 பாகையில் படிகமே குலைந்துபோகும். கடலுக்குள் வைக்கும் கருவிக்குத் தண்ணீரில் கரையும் பேதி உப்பைத் தெரிந்தெடுத்த பொறியியலாளர்களின் மனத்துணிவை மெச்ச வேண்டும். அதை விளக்கெண்ணெய் நிரப்பிய இறப்பர் உறைக்குள் பொத்திப் பொத்தி வைத்தார்கள். விளக்கெண்ணெய்க்கும் அந்த உப்புக்கும் வைத்தியத்தில் வேலை ஒன்றுதான் என்பது அவர்களுக்கு வேடிக்கையாகப் படவில்லை. அந்தப் பெட்டியைச் சித்திரை மாதம் தலைமன்னார்ப் பாலத்தடியில் ஒரு மத்தியானம் வெயிலில் வைத்திருந்தால் சண்டை அங்கேயே முடிந்திருக்கும்.

தோரமல்லி என்ன ஆயிற்று? அதுவும் அந்தப் போருக்கு ஆள் சேர்க்கப்பட்டது. தண்ணீருக்குள் குண்டு வெடித்தால் அழுத்தம் எவ்வளவு என்று அளக்க ஒரு துண்டு வேண்டும். சிறிய துண்டைத் தண்ணீர் ஒரு பக்கத்தால் அமத்தாது. சுற்றிவரச் சமமாக நெருக்கும். குவார்ட்ஸை அப்படிச் சுற்றி நெருக்கினால் வாய் திறக்காது. தோரமல்லிக்குப் பிறவியிலேயே தலையும் வாலும் வேறு வேறு. எந்தப் பக்கமிருந்து நெருக்கினாலும் உள்ளதைச் சொல்லும். சொல்லும் சத்தம் சிறிது, நியூட்டனுக்கு இரண்டு சொச்சம் பிக்கோகூலோம். ஆனால் வெடி பெரிதாக இருக்கும்போது சின்னக் குரல் போதும். சுங்கான் துடைத்த கல், ஒரு பொத்தான் அளவுக்கு அறுக்கப்பட்டு, கடலடி வெடிகளுக்குப் பக்கத்தில் தொங்கவிடப்பட்டது. பணி உயர்வுதான்.

பிறகு மட்பாண்டக் காலம். போர் நடந்த அதே வருஷங்களில் அமெரிக்கர், ருஷ்யர், ஜப்பானியர் என்று மூன்று கூட்டத்தார் தனித்தனியே பேரியம் டைட்டனேட்டைக் கண்டுபிடித்தார்கள். 1950களின் தொடக்கத்தில் ஜப்பானியர் ஈயம், சிர்க்கோனியம், டைட்டானியம் மூன்றையும் சேர்த்துச் சுட்ட கலவையை ஆராய்ந்தார்கள். 1954இல் அமெரிக்காவில் ஜாஃபியும் கூட்டாளிகளும் அதன் அழுத்தமின் குணத்தை வெளிப்படுத்தினார்கள். அதுதான் பிஇசட்டி. குவார்ட்ஸ் நியூட்டனுக்கு இரண்டு பிக்கோகூலோம் கொடுத்த இடத்தில் இது சில நூறு கொடுத்தது. கேஸ் அடுப்பு பற்றவைக்கும் லைட்டரை அழுத்தும்போது 'டக்' என்று பொறி பறக்கிறதே, அதற்குள் இருப்பது இதன் தம்பிதான்.

இதைச் சுட்டு எடுத்த கையோடு பார்த்தால் முத்தைப் போலவே செவிடு. உள்ளே கோடிக்கணக்கான குறுமணிகள் ஆளுக்கொரு திசை பார்த்துக்கொண்டிருக்கும். வில்லையின் இரு முகத்திலும் வெள்ளி பூசி, நூறு பாகைக்கு மேல் சூடான எண்ணெயில் அமிழ்த்தி, மில்லிமீற்றருக்கு இரண்டாயிரம் மூவாயிரம் வோல்ட் கொடுத்து வைத்திருந்து ஆறவிட வேண்டும். வெளியே வரும்போது எல்லாரும் ஒரே பக்கம் பார்ப்பார்கள். அரசியல் கட்சிகள் இதே காரியத்தைக் குறைந்த வோல்ட்டில் முடிக்கின்றன.

சோதிக்கும் மேசையில் இரண்டு வேலை. ஒன்று, வில்லையைத் தெரிந்த அளவு விசையால் மெல்லத் தட்டிக்கொடுத்து எத்தனை மின்னேற்றம் வருகிறது என்று பார்ப்பது. மற்றது, அதிர்வெண்ணைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டு போய், எந்த இடத்தில் மின்சாரம் தாராளமாக ஓடுகிறது, எந்த இடத்தில் அடைத்துக்கொள்கிறது என்று குறிப்பது. இந்த இரண்டு இடத்துக்கும் இடைவெளி அகலமாக இருந்தால் வில்லை நல்ல கெட்டிக்காரன். கோட்டில் கண்ட கண்ட இடத்தில் சின்னச் சின்ன முள் தெரிந்தால் எங்கோ வெடிப்பு இருக்கிறது. கத்துவதற்கு ஒரு சாதி உண்டு, வன்மையானது, சூடேறாது. கேட்பதற்கு வேறு சாதி. மென்மையானது, லேசாகத் தொட்டாலும் உணரும். மனிதரிலும் இந்த இரண்டும் ஒரே ஆளிடம் அமைவது அபூர்வம்.

இந்த மாவீரனுக்கும் தண்ணீருக்குள் ஒரு சறுக்கல் உண்டு. கத்துகிற சாதி வில்லையை நெடுக்காக அமத்தினால் நியூட்டனுக்கு 289 பிக்கோகூலோம் கிடைக்கும். பக்கவாட்டில் அமத்தினால் ஒவ்வொரு பக்கமும் 123 எதிர்க்கணக்காகும். சுற்றிவர நெருக்கும்போது 289இலிருந்து இரண்டு தரம் 123 போக, மிச்சம் 43. முழங்கிக்கொண்டு வந்தவர் முனகிக்கொண்டு நிற்பார். பின்னால் காற்று அடைத்து ஒரு முகத்தை மட்டும் தண்ணீருக்குக் காட்டியோ, நடுவில் வெறுமையான உருளையாகச் செய்தோ இதைச் சமாளித்தார்கள். 1970களின் கடைசியில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நியூன்ஹாம் குழு, வில்லையைச் சின்னச் சின்னத் தூண்களாக்கி இடையில் பிளாஸ்டிக்கை ஊற்றியது. பக்கத்து நெருக்கத்தைப் பிளாஸ்டிக் வாங்கிக்கொள்ளும். தூண் நெடுக்கத்து அமத்தலை மட்டும் கேட்கும். தோரமல்லி பிறவியில் கொண்டுவந்த குணத்தை எட்ட இவ்வளவு பாடு.

இப்போது இந்த வில்லை பேசாலைப் படகுகளின் அடியில் இருக்கிறது. எக்கோ என்பார்கள். ஒரு சென்ரிமீற்றர் தடிப்புள்ள வில்லை விநாடிக்கு இரண்டு லட்சம் அதிர்வில் ஒரு கத்துக் கத்திவிட்டு வாயை மூடிக் காத்திருக்கும். 20 மீற்றர் ஆழத்துத் தரையிலிருந்து எதிரொலி வர 26 மில்லிவிநாடி. திரையில் கோடு விழும்.

"பெரியையா, நடுவில சிவப்பாக் குமிஞ்சு கிடக்கு. சூடையாக்கும். வலை விடுவமே?"

"அது கல்லுப் பாரடா தம்பி. விட்டியெண்டால் வலை அங்கயே குடியிருக்கும்."

மீனின் வயிற்றிலிருக்கும் காற்றுப்பைதான் ஒலியை நன்றாகத் திருப்பி அனுப்பும். சுறாவுக்கும் திருக்கைக்கும் அந்தப் பை கிடையாது. அவை எக்கோவில் மங்கலாகவே தெரியும். ஆக, இந்த விஷயத்தில் கடல் கட்டியின் பதவி இன்னும் முழுதாகப் பறிபோகவில்லை.

பெரிய காதுகளும் வந்தன. 1974இல் ருஷ்யர் உதவியோடு பேசாலையில் எண்ணெய்க் கிணறு தோண்டினார்கள், எண்ணெய் வரவில்லை. 2010ஐ ஒட்டிக் கெய்ர்ன் கம்பெனி மன்னார்ப் படுகைக்குக் கப்பல் அனுப்பியது. கப்பலின் பின்னால் கிலோமீற்றர்க் கணக்கில் நீளும் வடங்கள், வடத்துக்குள் வரிசையாக அழுத்தமின் செவிகள். காற்றுத் துப்பாக்கியால் கடலை அதட்டி, கடலடிப் பாறை முனகியதைப் பதிவுசெய்தார்கள். 2011 ஒக்டோபரில் சிக்யூ என்ற ஜப்பானியக் கப்பல் துளைத்த டொராடோ கிணற்றில் எரிவாயு கிடைத்தது. பத்திரிகைகள் அடுத்த சவூதி அரேபியா நாம்தான் என்று கணக்குப் போட்டன. 2015இல் கெய்ர்ன் மூட்டை கட்டியது. வாயு அங்கேயேதான் இருக்கிறது. முத்துக் கம்பெனிக்கு நடந்ததை நினைவூட்ட எவராவது போயிருக்கலாம்.

இப்போதைய வம்பு மணலைப் பற்றியது. மன்னார்த் தீவின் மணலில் இல்மனைட் இருக்கிறது என்று அவுஸ்திரேலியக் கம்பெனி ஒன்று துளை போட்டுப் பார்க்க வந்தது. இல்மனைட்டிலிருந்து வருவது டைட்டானியம். கூடவே சிர்க்கோன் மணியும் கிடக்கிறது. அதிலிருந்து வருவது சிர்க்கோனியம். கடல்மட்டத்துக்குச் சில மீற்றர் மேலேயிருக்கும் தீவைத் தோண்டினால் மிஞ்சுவது கடல்தான் என்று சனங்கள் மறித்தார்கள். அதில் நியாயம் அவர்கள் பக்கம். ஆனாலும் பிஇசட்டிக்கு வேண்டிய மூன்றில் இரண்டு காலடியில் இருக்கிறது என்ற கணக்கு மண்டைக்குள் ஓடாமல் இல்லை. மூன்றாவது ஈயம். அதுவும் கரையில்தான் இருக்கிறது, காயப்போட்ட வலைகளின் அடிக்கயிற்றில் குண்டு குண்டாக. மிச்சம் வேண்டியது 1,200 பாகைக்கு மேல் எரியும் ஒரு சூளை மட்டும். கடலைக் கேட்கும் காதை இறக்குமதி செய்யாமல் இங்கேயே சுட்டெடுக்கலாம் என்று ஒரு சம்மாட்டியிடம் விளக்கிப் பாருங்கள். முழுவதையும் பொறுமையாகக் கேட்பார். பிறகு சொல்வார்:

"எல்லாம் சரி தம்பி. ஈயத்தில மட்டும் கை வையாதை. வலை மிதக்கும்."